ரேம் போயிடுச்சா, பத்தலையா? கடலோரக் கம்ப்யூட்டர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் முதலில் பழி விழுவது ரேம் (ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி அட்டை) மேல்தான். ஸ்கிரீன் வரவில்லை என்றால் "ரேம் போச்சு". மெதுவாக ஓடினால் "ரேம் பத்தலை". இரண்டுக்கும் புது ரேம் வாங்கிப் போட்டால் சில நேரம் சரியாகிவிடும். எதனால் சரியானது என்று தெரியாததால் அடுத்த மழைக்காலத்தில் அதே தொல்லை திரும்ப வரும். 2025 கடைசியில் மெமரி விலை கடுமையாக ஏறிய பிறகு இப்படிக் குருட்டாம்போக்கில் வாங்குவது யாருக்கும் கட்டாது. வாங்கும் முன் அளந்து பாருங்கள். உங்களுக்கு எந்த அறிகுறியோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீன் இருட்டு. அல்லது விடாமல் பீப் சத்தம்

நம் கரையில் இதற்கு முதல் சந்தேகம் ரேமின் பின்களில் (செருகும் ஓரத்திலுள்ள தங்கநிறப் பட்டைகள்) படிந்த உப்பு. கடற்காற்றில் வரும் உப்புத்துகள் கேபினட்டுக்குள் புகுந்து, தூசியோடு சேர்ந்து எல்லாவற்றின் மேலும் படிகிறது. காய்ந்து கிடக்கும்வரை அதனால் பெரிய கெடுதல் இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழை நாளில் அடுப்படி உப்பு ஜாடி கசிகிறதே, அதேதான். அந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். பின்களின் மேலுள்ள தங்கப்பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன். அதிலுள்ள நுண்துளைகள் வழியே உப்புநீர் கீழேயிருக்கும் நிக்கலையும் அதற்கடியிலுள்ள செம்பையும் எட்டிவிடுகிறது.

தினமும் ஓடும் கம்ப்யூட்டரில் இது மெதுவாகத்தான் நடக்கும். ஓடும்போது உள்ளே இருக்கும் சூடு ஈரத்தை அண்டவிடாது. மூடி வைத்த கம்ப்யூட்டருக்குத்தான் ஆபத்து அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனி, மீன் கம்பெனி ஆபீஸ்களில் அணைத்துப் போட்ட கம்ப்யூட்டர், ஜூன் நடுவில் ஸ்விட்ச் போட்டால் ஸ்கிரீன் வராமல் நிற்பது இதனால்தான். வாடைக்காற்று தொடங்கும் அக்டோபர், நவம்பரிலும் இதே கதை.

ஏசி அறைகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளைத் தொட்டாலும் அதன்மேல் நீர் கோக்கும். லாட்ஜ் ரிசப்ஷனில் பகலெல்லாம் 22 டிகிரியில் ஏசி ஓட்டிவிட்டு, இரவு அதை நிறுத்தி ஜன்னலைத் திறந்தால் அணைந்து கிடக்கும் மதர்போர்டு (எல்லா பாகமும் மாட்டியிருக்கும் முதன்மைப் பலகை) முழுக்க மெல்லிய ஈரம் பூக்கும். ஏசியை நிறுத்திய பிறகு ஒரு மணி நேரமாவது ஜன்னலை மூடியே வையுங்கள்.

சரி, கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி?

1. கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் அதிலிருந்தும் எடுக்க வேண்டும். பிறகு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். லேப்டாப் என்றால் அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது.

2. கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். ரேமைச் செருகும் ஸ்லாட்டின் முனையிலுள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் தானே மேலே எழும்பும். ஓரங்களை மட்டும் பிடித்து எடுங்கள்.

3. பின்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலாக, வெள்ளைப் பொடி படிந்ததுபோல் இருந்தால் உப்பு. சுத்தம் செய்தால் போகும். பச்சைப் புள்ளி தெரிந்தால் செம்பு வரை அரித்துவிட்டது. அந்த ரேம் இப்போதைக்கு ஓடினாலும் அதை நம்பிக் கணக்கு வழக்கை வைக்கக் கூடாது.

4. மெக்கானிக்குகள் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத்தான் சொல்வார்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களுக்கு அது சரி. உப்பு அந்தச் சுத்த ஆல்கஹாலில் கரையாது, அது கரைய நீர் வேண்டும். ஆகவே கழற்றிய ரேமை முதலில் மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் துடையுங்கள். பிறகு 99 சதவீதத்தால் இன்னொருமுறை துடைத்து, அரை மணி நேரம் காயவிடுங்கள். ஹேண்ட் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர், சென்ட், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது.

5. ஸ்லாட்டுக்குள் காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டி, பிளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். பிறகு ரேமை மூன்று நான்கு முறை மாட்டி எடுங்கள். அந்த உரசலிலேயே ஸ்லாட்டுக்குள் இருக்கும் பின்களின் படிவு விலகும். இதை வாராவாரம் செய்யக் கூடாது. ரேம் ஸ்லாட்டுகள் பொதுவாக 25 முறை மாட்டிக் கழற்றுவதற்கென்றே தயாரிக்கப்படுகின்றன.

6. பள்ளம் பொருந்துவதைப் பார்த்து வைத்து, இரண்டு முனையையும் கட்டைவிரலால் சமமாக அழுத்துங்கள். கிளிப் டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு முனை கொஞ்சம் தூக்கியிருந்தாலும் ஸ்கிரீன் வராமல் போகலாம்.

பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் இங்கே எல்லாக் கடையிலும் உண்டு. வேறு வழியில்லாத அவசரத்துக்கு வெள்ளை ரப்பரால் மெதுவாக, ஓரத்தை நோக்கி இரண்டு இழுப்பு இழுக்கலாம், தவறில்லை. அதையே வருடம் நான்கு முறை செய்தால் தங்கம் தேய்ந்து, அடுத்த மழைக்காலத்தில் உப்புக்கு இன்னும் எளிதான வழி கிடைக்கும். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரைக் கிட்டேயே கொண்டுபோக வேண்டாம்.

சுத்தம் செய்தும் ஸ்கிரீன் வரவில்லையா? இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். வரவில்லை என்றால் அதே ரேமை மற்ற ஸ்லாட்டுகளில் மாட்டிப் பாருங்கள். பிறகு அடுத்த ரேமுக்கு வாருங்கள். எந்த ஸ்லாட்டிலும் ஓடாதது கெட்ட ரேம். எந்த ரேமையும் ஏற்காதது கெட்ட ஸ்லாட். டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் உள்ள கம்ப்யூட்டர்களில் ரேமை மாற்றியதும் முதல் முறை ஸ்கிரீன் வரச் சில நிமிடங்கள் ஆகும். மதர்போர்டு அப்போது மெமரியின் வேகத்தை அளந்து பழகிக்கொண்டிருக்கும். பதறி நடுவில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் பொறுங்கள்.

தடைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டாலே இதில் பெரும்பகுதி வராது. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே கேபினட்டை வைக்காதீர்கள். கையிருப்பு ரேம்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத கவரில் போட்டு வையுங்கள்.

எல்லாம் மெதுவாகிறது, ஹார்ட் டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொடுங்கள். பார்க்க வேண்டிய நேரம் முக்கியம். கடை திறந்ததும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இ-சேவை மையம் என்றால் சான்றிதழுக்குக் கூட்டம் நிற்கும் நேரத்தில், ஸ்டுடியோ என்றால் ஆல்பம் வேலை நடுவில், வழக்கமாகத் திறக்கும் அத்தனையும் திறந்திருக்கும்போது பாருங்கள்.

அங்கே மூன்று எண்கள் போதும். இன் யூஸ் என்பது இப்போது பயன்பாட்டில் இருப்பது. அவெய்லபிள் என்பது உடனே கொடுக்கக்கூடியது. கமிட்டட் என்பது ஓடும் புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கி வைத்திருப்பது, இது 7.1/9.0 என்பதுபோல் இரண்டு எண்ணாக வரும். பின்னால் வருவது ரேமும், ரேம் போதாதபோது பயன்படுத்த டிஸ்க்கில் ஒதுக்கிய பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தம்.

உதாரணமாக 4 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் அவெய்லபிள் 0.3, கமிட்டட் 7.1 என்று இருந்தால் 3 ஜிபிக்கு மேல் டிஸ்க்கைக் காட்டி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இங்கே 8 ஜிபி வேண்டும். கமிட்டட் எண், இருக்கும் ரேமைவிடக் குறைவாகவே நின்றால் உங்களுக்கு ரேம் பற்றாக்குறை இல்லை, வேறு இடத்தில் தேடுங்கள். ரேமைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அது மட்டும் போதாது, ஏனென்றால் கேட்டு வாங்கிய எல்லாவற்றையும் புரோகிராம்கள் தொடுவதில்லை. அப்போது ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தில் ஹார்ட் ஃபால்ட்ஸ் (ரேமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுக்கப் போகும் எண்ணிக்கை) வரைபடத்தைப் பாருங்கள். புரோகிராம் திறக்கும்போது ஒருமுறை எகிறி இறங்குவது இயல்பு. விநாடிக்கு நூற்றுக்கணக்கில் விடாமல் நின்றால்தான் பற்றாக்குறை உறுதி.

டிஸ்க் 100 சதவீதம், ஆனால் மெமரியில் பாதி காலியாக இருக்கிறதா? பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது. அந்தப் பணத்தை எஸ்எஸ்டிக்கு (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். 4 ஜிபியும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு ஒன்றுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால், மேலே சொன்ன எண்களே பதில் சொல்லும். எண்கள் இரண்டுங்கெட்டானாக இருந்தால் எஸ்எஸ்டியை முதலில் மாற்றச் சொல்வோம். பேஜ் ஃபைலும் வேகமான இடத்துக்குப் போய்விடும் என்பதால் பற்றாக்குறையின் வலியும் கொஞ்சம் குறையும்.

ஸ்டாண்ட்பை என்று காட்டும் பகுதியைப் பார்த்து "வீணாகப் போகுதே" என்று கவலை வேண்டாம். மறுபடி தேவைப்படலாம் என்று விண்டோஸ் எடுத்து வைத்திருப்பது அது. யாராவது கேட்டால் உடனே கொடுத்துவிடும். ரேமைச் சுத்தப்படுத்தும் புரோகிராம்கள் இதையும், ஓடிக்கொண்டிருக்கும் வேலையையும் வெளியே தள்ளிவிட்டுப் பெரிய காலி எண்ணைக் காட்டும். அடுத்த நிமிடமே எல்லாம் டிஸ்க்கிலிருந்து திரும்ப வர வேண்டும். அவற்றை நீக்கிவிடுங்கள்.

யாருக்கு எவ்வளவு என்று கேட்டால் எங்கள் கணக்கு இது. விண்டோஸ் 11 ஏற்பதற்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி. அது தொடங்குவதற்கான அளவு, வேலை செய்வதற்கானது இல்லை. டேலி, பில் போடுவது, இ-சேவை, ஜெராக்ஸ் கடை டைப்பிங் எல்லாவற்றுக்கும் 8 போதும். போட்டோஷாப், கோரல்டிராவோடு குரோமும் திறந்திருக்கும் ஸ்டுடியோவுக்கும், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓட்டும் இன்ஜினியரிங் மாணவருக்கும் 16. 4கே கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு 32. வெறுமனே விண்ணப்பம் நிரப்பும் வேலைக்கு 16 வாங்கினால் மிச்சம் சும்மா கிடக்கும்.

குரோமில் டேப் நிறைய திறப்பவர்கள் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி சேவரை ஆன் செய்யுங்கள். எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று பார்க்க குரோமுக்குள் ஷிப்ட், எஸ்கேப் அழுத்தினால் போதும். பாதி நிரப்பிய அரசு விண்ணப்பப் பக்கம் இருந்தால் அந்தத் தளத்தை மட்டும் சேவரின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். டேப் தூங்கி எழுந்து பக்கம் மறுபடி லோடு ஆனால் நிரப்பியது போய்விடக்கூடும்.

8 ஜிபி போட்டோம், 3.4 தான் காட்டுகிறது

செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கத்தைப் பாருங்கள். 32 பிட் விண்டோஸ் என்று இருந்தால் காரணம் அதுதான். எத்தனை ரேம் போட்டாலும் அது 4 ஜிபிக்குள்தான் பார்க்கும், அதிலும் கொஞ்சம் ஹார்டுவேருக்குப் போய்விடும். 64 பிட்டைப் புதிதாக இன்ஸ்டால் செய்வது தவிர வழியில்லை.

64 பிட் இருந்தும் குறைந்தால் டாஸ்க் மேனேஜரில் ஹார்டுவேர் ரிசர்வ்டு எவ்வளவு என்று பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத ரைசன் கம்ப்யூட்டர்களில் திரைக்காக 512 எம்பி முதல் 2 ஜிபி வரை ஒதுக்கியிருப்பது சாதாரணம். பயாஸில் (விண்டோஸ் வருமுன் திறக்கும் மதர்போர்டு அமைப்புப் பக்கம்) யுஎம்ஏ பிரேம் பஃபர் என்ற இடத்தில் குறைக்கலாம். எம்எஸ்கான்ஃபிக்கில் (msconfig) பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே மேக்சிமம் மெமரி கட்டம் டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். சரியாக ஒரு ரேமின் அளவே காணவில்லை என்றால், அந்த ரேமின் பின்னில் உப்பு இருக்கலாம். முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

காலையில் நன்றாக ஓடுகிறது, சாயங்காலம் திணறுகிறது; அணைத்துப் போட்டும் தீரவில்லை

ஏதோ ஒரு புரோகிராம் வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்காமல் சேர்த்துக்கொண்டே போகிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி தலைப்பைத் தொட்டு வரிசைப்படுத்தி, காலை ஒருமுறையும் மாலை ஒருமுறையும் முதல் ஐந்தைக் குறித்து வையுங்கள். ஏறியது எது என்று தெரிந்துவிடும்.

பட்டியலில் யாரும் பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் மெமரி நிறைந்திருக்கிறது என்றால் நான்-பேஜ்டு பூல் (டிஸ்க்குக்குத் தள்ள முடியாமல் ரேமிலேயே இருக்கும் சிஸ்டம் மெமரி) எண்ணைப் பாருங்கள். சில நூறு எம்பி சகஜம். ஒரு ஜிபியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு டிரைவர் கசிகிறது. நெட்வொர்க் டிரைவரையும் ஆன்டிவைரஸையும் முதலில் சந்தேகியுங்கள்.

அணைத்துத் திறந்தும் ஏன் தீரவில்லை? விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் முழு ஷட் டவுன் ஆகாது. டிரைவர்கள் இருந்த நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும். கசிவும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். தினமும் கடை மூடுமுன் ஒரு ரீஸ்டார்ட் கொடுத்து, பிறகு அணையுங்கள்.

போட்டோஷாப்பில் ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்

ரேம் போதாதபோது போட்டோஷாப் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்தான் ஸ்கிராட்ச் டிஸ்க். அது ஏன் நிறைகிறது என்று கணக்குப் போட்டால் விளங்கும். 12க்கு 36 இன்ச் ஆல்பம் ஷீட், 300 ரெசல்யூஷன் (இன்ச்சுக்கு 300 பிக்சல்) என்றால் 3600 பெருக்கல் 10800, கிட்டத்தட்ட 3.9 கோடி பிக்சல். ஆர்ஜிபி 8 பிட்டில் ஒரு முழு லேயருக்கு 117 எம்பி, 16 பிட்டில் அது இரண்டு மடங்கு. பத்துப் பன்னிரண்டு லேயர், அதன்மேல் ஹிஸ்டரி என்று சேர்ந்தால் 8 ஜிபி கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும்.

ஃபிளெக்ஸ் போர்டில்தான் தேவையில்லாமல் மெமரி கரைகிறது. 10க்கு 8 அடி பேனரை 300 ரெசல்யூஷனில் தொடங்கினால், சிஎம்ஒய்கேயில் (அச்சுக்கான நான்கு நிற முறை) ஒரு லேயரே 4 ஜிபியைத் தாண்டும். அதையே 72இல் தொடங்கினால் சுமார் 240 எம்பி. ரோட்டோரம் இருபதடி தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு 72 தாராளம். பதினேழு மடங்கு வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு ரேமைக் குறை சொல்வது நியாயமில்லை. எழுத்துகளை கோரல்டிராவில் வெக்டராக வைத்தால் அவை கூர்மையாகவும் இருக்கும்.

பிரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸுக்குப் போய், போட்டோஷாப்புக்கு 70 சதவீத மெமரி விடுங்கள். 90 கொடுத்தால் விண்டோஸ் மூச்சு முட்டி எல்லாமே நின்றுபோகும். ஹிஸ்டரி ஸ்டேட்ஸை 20க்கு இறக்குங்கள். ஸ்கிராட்ச் டிஸ்க் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், அதில் 50 ஜிபியாவது காலியாக விட்டு வையுங்கள்.

நீலத்திரை, திடீர் ரீஸ்டார்ட், ஃபைல் கெட்டுப்போவது

விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் அழுத்தி எம்டிஸ்கெட் (mdsched) என்ற கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸின் மெமரி சோதனை தொடங்கும். அது பிழை கண்டுபிடித்தால் நம்பலாம். பிழை இல்லை என்றால் முழுதாக நம்ப வேண்டாம். பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 ஏற்றி, ராத்திரி முழுக்க நான்கு சுற்று ஓடவிடுங்கள். அதற்கு முன் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். ரேமில் ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். "ஒண்ணுதானே" என்று விட்டால் அந்த ஒன்று டேலி டேட்டாவில் போய் உட்காரும். சோதனைக்கு முன் டேட்டாவை வெளியே காப்பி எடுத்து வையுங்கள்.

பிழை வந்தால் உடனே ரேமைத் தூக்கிப் போடாமல், பின்களைச் சுத்தம் செய்து மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு ரேமாகத் தனியே ஓட்டுங்கள். ரேமில் பிழையே வரவில்லை, ஆனால் வோல்டேஜ் இறங்கும் மாலை நேரத்தில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸையும் (கேபினட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) யுபிஎஸ் பேட்டரியையும் பாருங்கள்.

புது ரேம் வாங்கப் போகும்போது

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் இடத்தில் இன்னொன்று மாட்டாது. பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கும். அழுத்திப் பொருத்த முயன்றால் ஸ்லாட் உடையும். டெஸ்க்டாப்புக்கும் லேப்டாப்புக்கும் நீளம் வேறு. பழைய டிடிஆர்3 லேப்டாப்புக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் எல் வகையைக் கேட்டு வாங்குங்கள், சாதாரண 1.5 வோல்ட் ரேம் பல லேப்டாப்புகளில் ஓடாது. பல மெல்லிய லேப்டாப்புகளில் ரேம் போர்டோடு பற்றவைத்தே வரும், பிறகு கூட்ட முடியாது. அதனால் அவற்றை வாங்கும்போதே தேவையான அளவை வாங்கிவிட வேண்டும்.

இருக்கும் 2666 வேக ரேமோடு 3200 வேக ரேமைச் சேர்த்தால் இரண்டும் 2666இல்தான் ஓடும். அதில் கெடுதல் இல்லை, கூடுதல் வேகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஒரு 16ஐவிட இரண்டு 8 நன்றாக ஓடும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் அவற்றை இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், முடியாவிட்டால் லேபிளை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரேம் வாங்குவதானால் பின்னைச் சாய்த்துப் பார்த்து, பச்சை இல்லை என்று உறுதி செய்த பிறகு பணத்தை எடுங்கள். புதிதென்றால் சீரியல் எண் எழுதிய பில் வாங்குங்கள். வாரண்டிக்குக் கொடுக்கும்போது துரு தெரிந்தால் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஆகவே முதல் வாரத்திலேயே மெம்டெஸ்ட் ஓட்டி, குறை இருந்தால் பின் பளபளப்பாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.